தழை காயும் வரை

"எங்க பதினோரு பேரோட மூச்சுக் கணக்கும் எங்க கைக்கு வேணும் சார். இன்னைக்கே."

சொல்லிவிட்டேன். இதை எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று எனக்கு மூன்று இடங்களிலிருந்து உத்தரவு. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தில், பதினேழாம் பக்கம் கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று. "படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவ" என்று ரேஞ்சர் சிரித்தபடி சொன்னது இன்னொன்று. மூன்றாவது, பதினோரு பேரில் ஒருத்தியான ஒச்சம்மா அக்காவுடையது: "அதை மட்டும் கேட்ட, உன் சங்க அறுத்துருவேன்." மூன்றில் உண்மையான அக்கறையோடு சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

உதவி வனப் பாதுகாவலர் நவநீதன் சார் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் பக்கத்தில் நின்ற காற்று சுத்திகரிப்பானைப் பார்த்தார். நான் உள்ளே வரும்போது அதில் பச்சையாகப் பன்னிரண்டு என்று இருந்தது. இப்போது சிவப்பாக நூற்று நாற்பது. என் காக்கிச் சட்டையில் ஒட்டியிருந்த நேற்றைய புகையை அது மோப்பம் பிடித்துவிட்டது. நல்ல இயந்திரம். அதிகாரியின் அறைக்குள் இருக்கும் காற்றுக்கு ஓர் எண் உண்டு. அது யாருக்கும் தெரியும்படி, இருட்டிலும் ஒளிரும்படி, சுவர்ப் பக்கம் திரும்பாமல் நிற்கும். எங்கள் பதினோரு பேரின் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் எண் உண்டு. அது மட்டும் இரகசியம்.

"உக்காரும்மா கௌமாரி," என்றார். "டீ சொல்லவா?"

"கணக்கு சொல்லுங்க சார். டீ கடையில குடிச்சுக்கிறேன்."

ஓரத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்த வருண் தலை நிமிர்ந்தார். பட்டை செய்யும் கம்பெனியின் ஆள். கோயம்புத்தூரில் பிறந்து பெங்களூரில் வாழ்பவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னை அக்கா என்பார். மலையடிவாரத்தில் கிடைக்கும் பெண்கள் எல்லாரும் அக்காதான் போலிருக்கிறது.

பட்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் இரண்டு விரல் அகல நாடா. தீக்காவலர்கள் காட்டுத்தீயை அணைக்கப் போகும்போது கட்டிக்கொள்ள வேண்டும். அது மூச்சைக் கேட்கும். பத்து நாள் கேட்டுச் சராசரி எடுத்து, உங்கள் நுரையீரலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். எண் முப்பதுக்குக் கீழே போனால் அந்த ஆள் மலை ஏறக் கூடாது. மதுரையில் சிகிச்சை, அப்புறம் கீழே நாற்றங்காலில் வேலை. உயிர்மூச்சுத் திட்டத்தின் வழவழப்பான கையேட்டில், சிரிக்கும் பழங்குடிப் பெண் படத்துக்குக் கீழே இது அச்சாகியிருக்கிறது. எண்ணை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் பயந்துவிடுவீர்களாம். தீக்குள் இறங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று ஏசி அறையில் யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார்கள்.

நான் தீக்காவலர் அல்ல. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, பி.எஸ்.சி. கணிதம். அதற்குத் தக்க வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். பட்டைகளைச் சாயங்காலம் வாங்கி, வேர்வையைத் துடைத்து, சார்ஜ் போட்டு, காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் குறைந்த நாளில் நானும் மலை ஏறுவேன். மூன்று வருடம் வகை நுண்கணிதம் படித்தது வீண் போகவில்லை. பதினொன்றுவரை எண்ணுகிறேன்.

"எதுக்குத் திடீர்னு?" என்றார் நவநீதன் சார்.

"சுருளி மாமா நேத்து முடக்குப்பாறையில தீயடிக்கும்போது விழுந்துட்டாரு. வாயில ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்துட்டு, 'உங்க டிபார்ட்மென்ட் ரெக்கார்டுல முப்பத்தெட்டு இருக்கே, நல்லாத்தான இருக்காரு'ன்னு இருமல் டானிக் எழுதிக் குடுத்துட்டாரு. முப்பதுக்குக் கீழன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் மதுரைக்கு அனுப்புவாராம்."

"முப்பத்தெட்டுன்னா நல்ல எண்தான?"

"அது அவரு எண் இல்ல சார்."

சுத்திகரிப்பான் மட்டும் உறுமியது.

அடுத்த வாக்கியம்தான் பதினோரு பேரின் வேலையையும் காவு கொடுக்கும் வாக்கியம். அதற்கு முன்னால் தழையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்கள் தீயைத் தழையால்தான் அடிப்பார்கள். காட்டு நாவல் கொப்பை இலையோடு வெட்டி, குனிந்து, ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே நகர வேண்டும். தீ காற்றோடு முன்னேறும் பக்கத்துக்கு வாய் என்று பெயர். புகை மொத்தமும் அங்கேதான். சுக்குநாறிப் புல் எரியும் வாய் என்றால் பத்து நிமிடத்தில் கண் இருட்டிவிடும். அங்கே யார் எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்தது அதிகாரியும் அல்ல, கடிகாரமும் அல்ல. கையிலிருக்கும் தழை. இலை கருகிக் குச்சியானதும் அடித்துப் பயனில்லை. பின்னால் போய்ப் புதுத் தழை வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டு வந்தால் வரிசையில் கடைசி இடம்தான். அதற்குள் அடுத்த ஆள் வாய்க்கு வந்திருப்பார். தழை காயும் வரை உன் முறை. எல்லார் தழையும் காயும். அதனால் புகையைப் பதினோரு பேரும் பங்கு போட்டுத் தின்றார்கள்.

இதை எந்தக் கையேட்டிலும் யாரும் எழுதவில்லை. எழுதாத காரணத்தால் இது ஒரு முறை என்றே யாருக்கும் தெரியவில்லை. திட்டம் வந்தது. காட்டு மரத்தை வெட்டுவது சட்டவிரோதம் என்று தழைக்குப் பதில் ரப்பர் துடுப்பு கொடுத்தார்கள். அருமையான துடுப்பு. எத்தனை மணி நேரம் அடித்தாலும் காயாது. துடுப்பு காயாது என்றால் முறையும் முடியாது என்று அதை வாங்கியவர்களுக்குத் தோன்றவில்லை. யார் வாய்க்குப் போவது என்று காதில் மாட்டிய கருவியிலிருந்து ஒரு பெண்குரல் சொல்ல ஆரம்பித்தது. "ஏழு, தயவுசெய்து வாய்ப் பகுதிக்குச் செல்லவும்." ஒச்சம்மா அக்காவுக்கு அவள் வாழ்க்கையில் யாரும் 'தயவுசெய்து' சொன்னதில்லை. முதல் வாரம் வெட்கப்பட்டுக்கொண்டே போனாள்.

ஒரே மாதத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நாள் தவறாமல் ஏழும் நாலும்தான் வாய்க்குப் போனார்கள். ஏழு ஒச்சம்மா அக்கா. நாலு சுருளி மாமா. இருவரும் பதினைந்து வருடம் புகை தின்றவர்கள், கூட்டத்திலேயே அதிகமாக இருமுகிறவர்கள். பயிற்சிக்கு வந்த வருணிடம் நான் கேட்டேன். அவர் நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாது.

"அது சிம்பிள் அக்கா. மொத்தச் சேதாரத்தைக் குறைக்கணும்னு சிஸ்டத்துக்குச் சொல்லியிருக்கோம். ஃப்ரெஷ் லங்ஸ் வாயில ஒரு மணி நேரம் நின்னா மூணு பாயின்ட் போயிடும். ஆல்ரெடி டேமேஜ் ஆனதுன்னா ஒண்ணுதான் போகும். வீட்ல தரை துடைக்கப் புதுத் துணியவா எடுப்பீங்க? ஏற்கெனவே கறை பட்ட துணியத்தான எடுப்போம்?"

கணக்கு சரி. நான் போட்டுப் பார்த்தேன். அழுக்குத் துணி என்று எழுதிய இடத்தில் மாமாவும் அடுத்த வீட்டுக்காரியும் இல்லாதவரைக்கும் எல்லாக் கணக்கும் சரிதான்.

அன்றைக்கு ஐந்து பேர் ரேஷன் கடை வரிசையில் நின்று பேசியதுதான் எங்கள் தழைக் கூட்டத்தின் தொடக்கவிழா. ரிப்பன் வெட்டவில்லை. சுருளி மாமா ஏலக்காயை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "தழைய மாத்துற மாதிரி பட்டைய மாத்திக்கிட்டா என்ன? அந்தப் பொம்பளக் குரலுக்கு மூஞ்சியா தெரியுது?"

பட்டை கொடுப்பது நான்தானே. மறுநாள் காலையிலிருந்து மாற்றிக் கொடுத்தேன். ஏழாம் பட்டை இன்று ஒச்சம்மா அக்காவுக்கு, நாளை இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு, அடுத்த நாள் இன்னொருவருக்கு. குரல் 'ஏழு' என்று கூப்பிட்டால் அன்றைக்கு ஏழைக் கட்டியிருப்பவர் வாய்க்குப் போவார். சுற்று மறுபடி வந்துவிட்டது. பக்கத்துச் சரகத்துக்காரர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் குரல்பதிவிலேயே ஒரு குழு ஆரம்பித்தேன். நாலு சரகம், எண்பத்திரண்டு பேர். யாருக்குக் கண் எரிச்சல், யார் மகளுக்குக் காதுகுத்து, எந்தச் சரிவில் புல் காய்ந்திருக்கிறது, எந்த ரேஞ்சருக்கு என்ன பட்டப்பெயர், எல்லாம் அதில் உண்டு. துறையும் 'களவீரர் சமூகத் தளம்' என்று ஒரு செயலி வெளியிட்டது. அதில் கைதட்டும் பொம்மை மட்டும் உண்டு.

எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். ஒரு வருடத்துக்கு.

நான் கணிதம் படித்தவள். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். பதினோரு பட்டையைப் பதினோரு பேர் மாற்றி மாற்றிக் கட்டினால் எல்லாப் பட்டையும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கும். சராசரியில். சாகக் கிடப்பவனும் சராசரி, குத்துக்கல் மாதிரி இருப்பவனும் சராசரி. புகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று நினைத்து, நோய்க்கான ஒரே அத்தாட்சியையும் பங்கு போட்டுக் கரைத்துவிட்டோம். பாசத்தால் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய எங்களால்தான் முடியும்.

நேற்று சுருளி மாமாவைத் அலாக்காகத் தூக்கிவந்து ஜீப்பில் போட்டபோதுதான் இது மண்டையில் இறங்கியது. அவர் கையைப் பிடித்தால், "விடு தாயி, இருமல்தான. நெஞ்சுல ஒரு ஏலக்கா சிக்கிருச்சு," என்கிறார், சட்டையெல்லாம் ரத்தத்தோடு.

சாயங்காலம் கூட்டத்தில் நான் சொன்னேன்: "கணக்க வாங்கணும். ஒவ்வொரு ஆளு மூச்சும் கைரேகை மாதிரி தனித்தனின்னு வருண் ஒரு நாள் சொன்னாரு. பட்டையில பதிஞ்சத வச்சு எது யாரு மூச்சுன்னு பிரிச்சிரலாம்."

ஒச்சம்மா அக்கா எழுந்துவிட்டாள். "ஏடி இவளே, படிச்ச திமிர இங்கன காட்டாத. கேட்டா என்ன ஆகும்? பட்டைய மாத்துனது தெரியும். பதினோரு பேத்தையும் வீட்டுக்கு அனுப்பிருவாய்ங்க. நீ டவுனுக்குப் போயி கம்ப்யூட்டரத் தட்டுவ. நாங்க எங்கடி போறது?"

"அப்ப மாமா செத்துப் போகட்டுமா?"

"அந்த ஆளு எனக்கு முன்னாடி சாக மாட்டாரு. நான் விட மாட்டேன்," என்று சொல்லி இருமினாள். இருமி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு கையை உயர்த்தி ஓட்டுப் போட்டோம். கேட்க வேண்டாம் என்று எட்டுக் கை. வேண்டும் என்று மூன்று. சனநாயகம்.

அதையும் மீறித்தான் இங்கே நிற்கிறேன். துரோகி என்றால் துரோகி.

"பட்டைய நாங்க மாத்திக்கிட்டோம் சார்," என்றேன். "ஒரு வருஷமா. குடுத்தது நான். வேலைய விட்டுத் தூக்கணும்னா என்னையத் தூக்குங்க. கணக்கப் பிரிச்சுக் குடுங்க."

பூகம்பத்தை எதிர்பார்த்தேன். நவநீதன் சார் வருணைப் பார்த்தார். வருண் கூச்சத்தோடு சிரித்தார்.

"எங்களுக்கு முதல் வாரத்துலயே தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"ஸ்வாப் பண்றது. மூச்சு மேட்ச் ஆகலைன்னா சிஸ்டம் உடனே காட்டிடும். நான் ரிப்போர்ட் பண்ணினேன். மேல, வெயிட் பண்ணிப் பார்ப்போம்னு சொன்னாங்க. அப்புறம் பார்த்தா உங்க ரேஞ்ச்ல யாருமே முப்பதுக்குக் கீழ போகலை. வேற எங்கயும் இப்படி இல்லை. எங்க பாஸ் கண் கலங்கிட்டாரு."

நவநீதன் சாருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு கேடயம் இருந்தது. 'மூச்சை மீட்ட சரகம்.' விழாவில் நானும் கைதட்டினேன். சராசரி முப்பத்தெட்டு, பணியிலிருந்து இறக்கப்பட்டவர் எவருமில்லை என்று மேடையில் வாசித்தார்கள். பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள்.

"அப்ப மாமா ரத்தம் கக்குறது..."

"இதப் பாரும்மா." நவநீதன் சார் குரலைத் தணித்தார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு உனக்கே தெரியல. கம்பெனி இத அடுத்த வெர்ஷன்ல சேக்குறாங்க. பேரு என்ன வருண்?"

"சமூகச் சுழற்சி முறை, சார்."

"கேட்டியா? நாடு பூரா போகப்போகுது. இதுக்கு இங்க ஒரு ஒருங்கிணைப்பாளர் வேணும். நிரந்தரப் பணி. நான் உன் பேர எழுதிட்டேன். உங்க தழைக் கூட்டத்தையும் முறையாப் பதிவு பண்ணிரலாம். டி-ஷர்ட் அடிச்சுக் குடுக்குறோம்."

"என்ன கலரு சார்?"

"பச்சைன்னு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கணக்கு," என்றேன்.

"அது தகவல்மா. தகவல் கம்பெனிக்குச் சொந்தம். நானே கேட்டு வாங்க முடியாது."

"மூச்சு யாருக்குச் சொந்தம் சார்?"

"மூச்சு உங்களோடதுதான். யாரு இல்லைன்னா?"

அதுவரை அவர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் பரிதாபமாக மாறியது. அந்த வாக்கியத்தை அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். என்னைப் பயமுறுத்தத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். "வருண், அந்த லிஸ்டக் காட்டுங்க. பாக்கட்டும். பாத்தாத்தான் நான் சொல்றது புரியும்."

"சார், அது வந்து..."

"போன வெளிய தட்டுல வச்சுட்டுத்தான வந்திருக்கா. படமா எடுக்கப் போறா? காட்டுங்க."

வருண் மடிக்கணினியைத் திருப்பினார். பதினோரு பெயர்கள். பக்கத்தில் பதினோரு எண்கள். உண்மையானவை. மூச்சைப் பிரித்து, ஆள்வாரியாக, நேற்றுவரைக்கும் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தார்கள். கேடயம் ஒரு கணக்குக்கு, இது இன்னொரு கணக்குக்கு.

"ஆறு பேர் முப்பதுக்குக் கீழ," என்றார் நவநீதன் சார். "இத நான் ஒத்துக்கிட்டா ஆறு பேரையும் இன்னைக்கே இறக்கணும். மிச்சம் அஞ்சு பேர். புது ஆள் எடுக்க அனுமதி வர்றதுக்குள்ள இந்தத் தீக்காலம் முடிஞ்சுரும். இது பங்குனி. முடக்குப்பாறைக்கு நேர் கீழ எந்த ஊரு? உன் ஊருதான? அஞ்சு பேர் நின்னு அணைச்சுருவாங்களா? சொல்லு. யாரு அணைப்பா?"

நான் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரியைப் பற்றி ஊரில் நல்லதாக யாரும் சொல்ல மாட்டார்கள். வாத்தியார்கள் வர மாட்டார்கள், வந்தால் பாடம் நடத்த மாட்டார்கள். கைடைக் கையில் கொடுத்து, 'புரியலைன்னாலும் பரவால்ல, அப்படியே மனப்பாடம் பண்ணு' என்பார்கள். நாற்பத்தெட்டுத் தேற்றங்களை அர்த்தம் தெரியாமல் உருப்போட்டு முதல் வகுப்பில் தேறியவள் நான். அந்தக் கல்வி ஒரு நாள் கைகொடுக்கும் என்று நான் நம்பியதே இல்லை.

பதினேழு, இருபத்தொன்று, இருபத்துநாலு, இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. இதுவரை ஆறு. நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, ஐம்பத்திரண்டு, அறுபத்துமூன்று, எழுபது. கூட்டினால் நானூற்றுப் பதினைந்து. பதினொன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட முப்பத்தேழே முக்கால். கேடயத்தில் அதைத்தான் முப்பத்தெட்டு என்று முழுசாக்கிப் பொறித்திருக்கிறார்கள். மூன்று முறை மேலிருந்து கீழே படித்தேன். கண்ணை மூடி ஒரு முறை கீழிருந்து மேலே.

சுருளி மாமா இருபத்தொன்று. அவர்தான் கடைசி என்று நினைத்து வந்தேன். அவர் கடைசி இல்லை.

பதினேழுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் ஒச்சம்மா.

கேட்டால் சங்கை அறுப்பேன் என்றவள். அவரைச் சாக விட மாட்டேன் என்று சொல்லி இருமியவள். இந்த நிமிடம் வெளியே ஜீப் கொட்டகையில், தடை செய்யப்பட்ட அரிவாளைச் சும்மாவாவது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்.

"புரியுதா?" என்றார் நவநீதன் சார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நல்லாப் புரியுது சார்."

வருண் கணினியைத் திருப்பிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், "சாரி அக்கா," என்றார். அவர் ஒருவர்தான் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னது. அதைச் சொல்லவும் அவருக்கு ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்தச் சமயம்தான் சுவர் ஒலிபெருக்கியில் அந்தப் பெண்குரல் வந்தது. எப்போதும் போல மரியாதையாக, பதற்றமே இல்லாமல்.

"முடக்குப்பாறை மேற்குச் சரிவில் புகை கண்டறியப்பட்டுள்ளது. காற்று கீழ்நோக்கி வீசுகிறது. பணியாளர்கள் தயவுசெய்து பட்டை அணியவும். ஏழு, மூன்று, தயவுசெய்து வாய்ப் பகுதிக்குச் செல்லவும்."

நவநீதன் சார் எழுந்துவிட்டார். இப்போது அவர் முகத்தில் இருந்தது நிஜமான பயம். காட்டை நேசிக்கிறவர்தான். "கௌமாரி, பட்டையக் குடுத்து எல்லாரையும் ஏத்து. மத்தத சாயங்காலம் பேசிக்கலாம். ஒருங்கிணைப்பாளர் ஆர்டர்ல அப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போம்மா, சீக்கிரம்."

பட்டைகள் பதினொன்றும் என் தோள்பையில் இருந்தன. நேற்றிரவு சார்ஜ் போட்டது. நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன். கேடயத்துக்கு முன்னால் மேசையில் வைத்தேன். கதவை நோக்கி நடந்தேன்.

"பைய மறந்துட்டுப் போற."

"மறக்கல சார்."

"யாரு அணைப்பாங்கன்னு கேட்டேன்ல? பதில் சொல்லாமப் போற! உங்க ஊரும்மா அது!"

கதவைத் திறந்தேன். வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததும் சுத்திகரிப்பான் கீச்சென்று அலறியது. எண் முந்நூறைத் தாண்டியிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் தட்டிலிருந்து என் போனை எடுத்தேன். உள்ளே வருவதற்கு முன்னால் குழுவில் ஒரே ஒரு கேள்வியைப் பேசி அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன்: எங்கள் மலையில் தீ என்றால், பட்டை இல்லாமல், தழையோடு எத்தனை பேர் வருவீர்கள்?

நாற்பத்துமூன்று குரல்பதிவுகள் வந்திருந்தன. அனுபவத்தில் சொல்கிறேன், அதில் பாதி வசவாக இருக்கும். கடைசியாக வந்ததை அமுக்கிக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். கிழக்குச் சரகத்து மொக்கையன் அண்ணன், ஓடும் ஜீப்பிலிருந்து கத்துகிறார்:

"ஏ புள்ள, உங்க மலையில புகை இங்கனயே தெரியுது. நாங்க பதினாலு பேரு கெளம்பிட்டோம். தழை வெட்டியாச்சு. அது கெடக்கட்டும், மத்தியானச் சோத்துக்கு என்ன ஏற்பாடு? போன தடவ மாதிரி புளிச்சோறுன்னா வண்டிய இப்பவே திருப்பிருவேன்!"

கொட்டகையில் பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். சுருளி மாமா மட்டும் பெஞ்சில் படுத்திருந்தார். ஒச்சம்மா அக்கா அரிவாளோடு முன்னால் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். பை இல்லை.

"கேட்டுட்டியா? நாசமாப் போறவளே, கேட்டுட்டியாடி?"

படியிறங்கும்போதே திட்டம் போட்டுவிட்டேன். ஒவ்வொரு எண்ணும் அதன் சொந்தக்காரர் காதில் மட்டும். ஆறு பேர் கீழே. ஐந்து பேரும் நானும் மேலே. கிழக்கிலிருந்து பதினாலு பேர், மற்றவர்கள் வழியில். தழை காயும் வரை ஆளுக்கொரு முறை. சாயங்காலம் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மதுரை. எண் எங்கே என்று கேட்டால், என் வாயில். கம்பெனி வழக்குப் போடட்டும், எண்களை என் மண்டையிலிருந்து எப்படிப் பறிமுதல் செய்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

மனதுக்குள் மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு, அரிவாளைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள, பதினேழிடம் முதலில் நடந்தேன்.